மீட்டரக்கா படுத்த லிஃப்ட்

மீட்டரக்கா மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை பதினொரு மணியிலிருந்து, அவள் வேலை பார்த்த நான்கு மாடித் துணிக்கடையில் கீழே போன எந்தப் பொருளும் மேலே வரவில்லை. லிஃப்ட் தரைத்தளத்தில் இறங்கி அங்கேயே குடியிருந்தது. மோட்டாரைப் போட்டால் தண்ணீர் முதல் மாடி வரை ஏறி, யோசித்துவிட்டுத் திரும்பியது. கிடங்கிலிருந்து தூக்கிவந்த துணிக்கட்டுகள் பாதிப் படியில் கைநழுவி உருண்டு பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தன.

அளவுகோலைத் தொடாமல், முழங்கையால் அளந்தே திரைத்துணியை விரற்கடை பிசகாமல் வெட்டுவாள் என்பதால் அவள் மீட்டரக்கா. மூன்றாம் மாடியில் பத்தொன்பது வருடம் நின்றபடி அளந்தவள். விற்கும் பெண்கள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது முதலாளியின் கட்சி. கடையில் ஒரே ஒரு ஸ்டூல். அதுவும் லிஃப்டுக்குள் லிஃப்ட்காரருக்கு. அவள் கால்களில் முதலில் நூலாகத் தெரிந்தது கயிறாகப் புடைத்தது. சாயங்காலமானால் கால் கல்லாய்க் கனத்தது. கணுக்காலில் தோல் கறுத்து அரிக்கத் தொடங்கிய பிறகுதான் வைத்தியத்துக்குப் போனாள்.

அவள் நரம்பு என்று நினைத்தது நரம்பே இல்லை, இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய் என்றார் மருத்துவர். அதற்குள் இருக்கும் குட்டிக் கதவுகள் சரியாக மூடாததால் ஏறிய இரத்தம் வழிந்து காலிலேயே தேங்குகிறதாம். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் இறுக்கமான காலுறை, தினமும் நடை, அடிக்கடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, இடையிடையே காலை இதயத்துக்கு மேலே தூக்கிவைப்பது என்று சொல்லி அனுப்பினார். இப்படியே நின்றால் புண் வரும், லேசில் ஆறாது என்றும் சொன்னார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆகவே காலுறையை மட்டும் மாட்டிக்கொண்டு வாய் திறக்காமல் வந்து நின்றாள். அன்றைக்குத்தான் கடைக்கும் அதே நோய் கண்டது.

மூன்று மெக்கானிக்குகள் வந்து, லிஃப்டில் ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நான்காம் நாள், துணி மேலே வராததால் மீட்டரக்காவே கீழே வந்து அளந்தாள். அவள் சுவரைப் பிடித்து நிற்பதை லிஃப்ட்காரர் பார்த்தார்.

“உள்ள வந்து கொஞ்சம் காலை நீட்டுங்கக்கா. இது எங்கயும் போகப்போறதில்ல.”

அவள் லிஃப்டின் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் ஸ்டூல்மேல் தூக்கிவைத்தாள். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே நுழைந்தார். என்னம்மா இது என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவளுக்குப் பயமே வரவில்லை.

“கீழ போன ரத்தம் மேல வரணும் முதலாளி. வந்ததும் எந்திரிக்கிறேன்.”

கால்களின் கனம் மெல்லக் கரைந்தது. லிஃப்ட் ஒருமுறை செருமிவிட்டு ஏறியது. முதல் மாடி, இரண்டாவது, மூன்றாவது. உள்ளே நின்ற முதலாளியையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போனது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. துணிக்கட்டுகள் ஒவ்வொரு படியாக ஏறி தத்தம் அலமாரியில் போய் அமர்ந்தன. மூன்றாம் மாடிப் பெண்கள் கைதட்டினார்கள். மீட்டரக்கா படுத்தபடியே சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மறுநாள் அறுபத்திரண்டு ஸ்டூல்கள் வந்து இறங்கின. மீட்டரக்காவின் புடைப்புகள் மறைந்துவிடவில்லை. ஆனால் அரிப்பு அடங்கியது, புண் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்றும் எப்போதாவது லிஃப்ட் நடுவழியில் நின்றால் யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. எந்த மாடியில் எந்தப் பெண் வெகுநேரமாக நிற்கிறாள் என்று முதலாளியே படியேறித் தேடிப் பார்த்து, அவளை உட்கார வைத்துவிட்டு, லிஃப்டில் இறங்கி வருகிறார்.