ஆலிவ் கட்டைச் சுங்கான்

புகை இழுக்கிற சுங்கான், கைக்குள் அடங்கும் அளவு. பட்டறை முதலாளி இனிகோ அண்ணன் அதை வாயில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "காத்து தண்ணியாட்டம் ஓடுது" என்றார். செதுக்கியவள் அறிவுச்செல்வி. சின்னாளபட்டியிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இந்த நாகல் நகர்ப் பட்டறையில் ஒன்பது வருடமாக மரத்தோடு மல்லுக்கட்டுகிறேன் நான். உளி கிழிக்காத விரல் கிடையாது.

ஆலிவ் கட்டை ஒன்றே ஒன்றுதான் வந்தது. அனுப்பிய ஜெர்மனிக்காரர், செதுக்கியவர் பெயரை அடியில் சுட்டு எழுதச் சொல்லியிருந்தார். இத்தனை வருடத்தில் பெயர் கேட்ட முதல் ஆள். அந்தக் கட்டை எனக்குத்தான் என்று வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அண்ணனோ தூக்கி அவளிடம் கொடுத்தார். அவளும் சும்மா இருந்தாளா? நல்லா வருதாக்கா என்று தினமும் என்னிடமே நீட்டினாள். நன்றாகத்தான் வந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மத்தியானம் அவள் கை கழுவப் போனாள். நான் ஊசி அரத்தை உள்ளே விட்டு, புகைத்துளை, புகையிலை அடைக்கும் கிண்ணத்தில் திறக்கும் இடத்தில் ஒரு நெம்பு நெம்பினேன். மயிரளவு சிராய் எழும்பியது. பிறகு தூக்குச்சட்டியைத் திறந்தேன். கத்தரிக்காய் வெஞ்சனத்தைத் தொடாமல் மூடிவைத்தேன்.

பார்சல் கட்டுமுன் அண்ணன் மறுபடி இழுத்தார். விசிலடித்தது. செல்வி முகம் செத்துப்போனது. கம்பி, உப்புத்தாள், டார்ச் என்று சாயங்காலம்வரை நோண்டினாள். தன் கைதான் எங்கேயோ தப்பிவிட்டது என்று அவளே சொல்லிக்கொண்டு, கடைசியில் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

இடம் தெரிந்தவளுக்கு எவ்வளவு நேரமாகும்? கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி இரண்டு திருகு. இழுத்தேன். சத்தமில்லை.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவளே பெயர் சுடுகிற சால்டரிங் கம்பியை பிளக்கில் செருகிக் காயவைத்து என் கையில் கொடுத்தாள்.

"உங்க பேரப் போடுங்கக்கா. குப்பைக்குப் போக இருந்தத நீங்கதான் காப்பாத்துனீங்க."

அண்ணனும் தலையாட்டினார். நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல நாக்குவரை வந்தது. அதற்குள் கை கம்பியை மரத்தில் வைத்துவிட்டது. 'நாகஜோதி' என்ற என் பெயரில் முதல் எழுத்து முடியுமுன்னே மரம் பொசுங்கிப் புகை என் கண்ணில் ஏறியது.

"செத்த தள்ளி உக்காருங்கக்கா, கண்ணு எரியும்" என்று சொல்லி, செல்வி பக்கத்தில் குனிந்து அந்தப் புகையை என் முகத்தைவிட்டு விலக ஊதிக்கொண்டே இருந்தாள்.