இரண்டு அடி பொய்த் தண்ணீர்

பாலசுப்ரமணியனுக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, பற்றிக்கொண்டு எரிந்தது.

எரியாதா பின்னே? பதினான்கு வருஷமாகப் புனே பல்கலைக்கழகம் ஒன்றில் வேலை பார்த்து, கிணறு கிணறாக நாடா இறக்கி அளந்த மனிதர். மழை ஏமாற்றினாலும் தாக்குப்பிடிக்கும் விவசாயம், நீர் சேமிப்பு, சூரிய மின்சார பம்பு என்று தாலுகா அதிகாரிகளுக்கு ஆறு வாரம் நடக்கிற பயிற்சிக்குப் பாடம் எழுதியவரும் அவரே. 2008-இல் அந்தப் பயிற்சிக்குத் தனியாக ஒரு பொறுப்பாளர் பதவி வந்தது. யாருக்கு? கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ப்ரியம்வதாவுக்காம்! கேன்டீன் வரைக்கும் அதே பேச்சு. வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் அறிவிக்கப்போகிறார்.

அவள் பேசுகிற மராத்தி காதால் கேட்கச் சகிக்காது. அதை வைத்துக்கொண்டே விவசாயிகளோடு மணிக்கணக்காகக் கதையளப்பாள். அவர்களும் அவளுக்கு மட்டும் சோள மாவில் பாக்ரி ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுப்பார்கள். பதினான்கு வருஷத்தில் இவரிடம் ஒரு வேர்க்கடலையாவது நீட்டினவர் உண்டா?

"ஏன்னா, அவ பாட்டுக்கு அவ வேலையப் பாத்துண்டிருக்கா. உங்களுக்கு என்ன வந்தது?" என்றாள் மனைவி ராஜி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சாம்பார ஊத்து."

புதன்கிழமை ப்ரியம்வதாவின் அறிக்கையைப் புரட்டினபோது அகப்பட்டது. சாஸ்வட் பக்கம் வைஷாலி என்கிற விவசாயியின் கிணறு. தரையிலிருந்து பதினெட்டு அடியில் தண்ணீர் என்று எழுதியிருந்தாள். போன அக்டோபரில் இவர் அளந்தது இருபது. இந்த வருஷமும் மழை அதே அளவுதான். அப்புறம் எப்படித் தண்ணீர் இரண்டு அடி ஏறும்? மாட்டிக்கொண்டாள்! அடுத்த பக்கத்தைத் திருப்பக்கூட அவருக்குப் பொறுக்கவில்லை. மூடி வைத்துவிட்டு நேரே துறைத் தலைவர் அறைக்கு ஓடினார்.

வியாழக்கிழமை தலைவரும் பயிற்சிக்கு வந்த இருபது அதிகாரிகளும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். பாலசுப்ரமணியன் கைப்பிடிச்சுவரில் சௌகரியமாக வயிற்றைச் சாய்த்துக்கொண்டு நாடாவை இறக்கினார்.

"சுவர் மேலிருந்து இருபத்தொன்று. பதிவேட்டின்படி சுவர் ஒரு அடி. கழித்தால் இருபது!" என்று மராத்தியில் முழங்கினார். "இரண்டு அடி பொய்த் தண்ணீர். இதை நம்பி இந்த ஜனங்கள் விதைத்தால் பயிர் கருகிப்போகும். இவரிடமா பயிற்சியை ஒப்படைக்கப்போகிறீர்கள்?"

"சார், இத அப்பறம் பேசிக்கலாமுங்க," என்றாள் ப்ரியம்வதா, தமிழில், குரலைத் தாழ்த்தி.

"ஏன், பயமா இருக்கா?"

அதுவரை பம்பு அருகே நின்றிருந்த வைஷாலி முன்னால் வந்தாள்.

"ஒரு அடியா? சாகேப், நீங்க எதுமேல சாஞ்சிருக்கீங்க?" என்றாள் மராத்தியில்.

பாலசுப்ரமணியன் குனிந்து பார்த்தார். சுவர் அவர் இடுப்புக்கு இருந்தது.

"போன வருஷக் கோடையில எங்க கன்னுக்குட்டி உள்ள விழுந்திடுச்சு. அதுக்கப்புறம் சுவரை மூணு அடியா உயர்த்திட்டோம். இந்த மேடம் வந்து கேட்டாங்க, சொன்னேன். நீங்க கேக்கவே இல்லையே."

மூன்றைக் கழித்தால் பதினெட்டு. அப்படியானால் போன வருஷமும் பதினெட்டுதான். அன்றைக்கும் இதே சுவரில் சாய்ந்துகொண்டு, பழைய பதிவேட்டைப் பார்த்து ஒன்றைக் கழித்தது அவர்தான். ஊரைக் கூட்டி, தண்ணீர் இரண்டு அடி இறங்கிவிட்டது என்று சொன்னதும் அவர்தான்.

"நீங்க சொன்னதக் கேட்டுத்தான் ரெண்டு ஏக்கர் கோதுமை போடாம விட்டேன்," என்றாள் வைஷாலி. அவள் கோபப்படக்கூட இல்லை.

தலைவர் கையிலிருந்த அறிக்கையில் அடுத்த பக்கத்தைத் திருப்பி வாசித்தார். "சுவர் உயர்ந்ததால் போன வருஷ அளவில் இரண்டு அடி திருத்தம்." நிமிர்ந்து கேட்டார்: "போன வருஷம் அளந்தது யார்? பேரைக் காணோமே?"

"துறையில அளந்ததுதான் சார்," என்றாள் ப்ரியம்வதா சட்டென்று.

பாவி! காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக அவளை வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லையே! இந்த ஒன்றையாவது அவள் சரியாகச் செய்யாமல் இருந்திருக்கக் கூடாதா?

"நான்தான் சார்," என்றார் பாலசுப்ரமணியன். வைஷாலியின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் காலைப் பார்த்துச் சொன்னார்: "தப்பு என்னுடையது, தாயீ." பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "பயிற்சியை இவங்ககிட்டயே குடுத்துடுங்க."

சொல்லும்போதும் வயிறு எரியத்தான் செய்தது.

ப்ரியம்வதா நாடாவின் நுனியைப் பிடித்துத் தரையில் வைத்தாள். அவர் மறுமுனையை இழுத்துச் சுவரை முதல் தடவையாக அளந்தார். ஒரு அங்குலமாவது குறையாதா என்று அப்போதும் கண் தேடியது.

குறையவில்லை. சரியாக மூன்று அடி.