காருக்குள் உட்கார்ந்த கம்பெனி

"அம்மா, நீயும் வா. ஆனா பூஜை முடியிற வரைக்கும் காரை விட்டு இறங்காதே. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றான் சஞ்சய், வேட்டி மடிப்பைச் சரிசெய்தபடி. அந்த வேட்டிக்கு அப்படியொரு கவனிப்பு அதன் ஆயுளில் கிடைத்ததில்லை.

நிருபமா காரில் ஏறி உட்கார்ந்தாள். புருஷன் போய் ஏழு மாதம். அதற்கு முன் முப்பத்திரண்டு வருஷம் அவர் குடும்பக் கம்பெனிக்கு அவள்தான் சைட் இன்ஜினீயர். அவள் அதட்டினால் கான்கிரீட் பயந்துபோய் ஒரு நாள் முன்னாலேயே இறுகிவிடும் என்பார்கள் மேஸ்திரிகள். இன்று பொம்மசந்திராவில் கம்பெனியின் புது ஆபீசுக்குக் கல் நாட்டுகிறார்கள். பிளான் அவள் போட்டது. முதல் கல் இறங்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

1912இல் சுந்தரமூர்த்தி முதலியார் தொடங்கிய கம்பெனி. காக்ஸ் டவுனில் ஒழுகாத கூரையெல்லாம் தாங்கள் போட்டது என்பார்கள். ஒழுகுகிற கூரையைப் பற்றிப் பேச்சே இருக்காது. 1921இல் முதலியார் போனதும் அவர் மனைவி சீதாலட்சுமி பத்தொன்பது வருஷம் நடத்தினாள். கல் நாட்டும் நாளில் மட்டும் திரை போட்ட ஜட்கா வண்டிக்குள் உட்கார வைத்துவிடுவார்கள். மேஸ்திரி ஓடி ஓடி வந்து திரையிடம் அளவு கேட்டுக்கொண்டு போவான். இதையெல்லாம் விழா மலருக்கு நிருபமா எழுதிக் கொடுத்தாள். அச்சில் வந்ததோ, "1921 முதல் 1940 வரை இறையருளால் கம்பெனி நடந்தது." இறைவன்தான் சாரம் ஏறிச் சுவரைத் தட்டிப் பார்த்தார் போலிருக்கிறது.

காரிலிருந்தே நிருபமா பார்த்துவிட்டாள். பந்தல் பக்கத்து மனையில் நின்றது. எல்லைக்கல் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பந்தல்காரன் கேட்டபோது சஞ்சய் மரநிழல் விழுந்த பக்கம் கையைக் காட்டியிருக்கிறான்.

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். மருமகள் அனுஷா பட்டுப்புடவை காலைத் தடுக்கத் தடுக்க ஓடி வந்தாள்.

"அத்தை, ப்ளீஸ். எல்லாரும் பாக்குறாங்க."

"இல்லம்மா, அந்த மனை…"

"அப்புறம் பேசலாம் அத்தை."

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். நாகஸ்வரம் ஊரையே தூக்கியது. டிரைவரும் சுண்டலுக்குப் போய்விட்டான். முக்கால் மணி நேரம் ஒருவரும் கார்ப்பக்கம் திரும்பவில்லை.

கல்லைக் கையில் எடுக்கும் நேரத்தில் ஸ்கூட்டரில் அந்த மனைக்காரர் வந்து இறங்கினார்.

"ஏன் சார், நம்ம சைட்ல யாருக்குக் கல்யாணம்?"

சஞ்சய் காருக்கு ஓடி வந்தான். கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியது.

"அம்மா, நம்ம மனை எது? முகூர்த்தம் பன்னிரண்டு நிமிஷம்தான் இருக்கு."

"அடுத்தது."

"ஈசானிய மூலை எங்கே வருது? இங்கேருந்தே கையைக் காட்டேன்."

"எல்லைக்கல்லெல்லாம் எருக்கஞ்செடிக்குள்ள இருக்குப்பா. இங்கேருந்து தெரியல. இறங்கினா காட்டுவேன்."

சஞ்சய் ஐயரைப் பார்த்தான். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஐயர் உட்பட இருபது பேர் பட்டும் ஜரிகையுமாக எருக்கம்புதருக்குள் குனிந்து கல்லைத் தேடினார்கள். ஒருவர் கரையான் புற்றைக் கல்லென்று கட்டிப்பிடித்தார். முகூர்த்தம் முடிந்து, ராகு காலமும் பிறந்தது.

கார்க் கதவு பூட்டியிருக்கவில்லை. அதை யாரும் வந்து திறக்கவும் இல்லை.