கம்பத்தில் கட்டிய கீற்று

அன்று படகில் இருந்தவர்கள்: லெப்டினன்ட் தோவான், வியாபாரி வேஷத்தில், கறுப்புப் பைஜாமாவும் காலில் ராணுவ பூட்ஸுமாக. எந்திரத் துப்பாக்கியோடு தாக், பூசணிக்காய்க் குவியலுக்கு அடியில். வயர்லெஸ்காரன் லியெம், சமையல்காரன் வேஷத்தில். அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. எஞ்சின் பார்த்துக்கொள்ள நான். கடைசியாக லுவா அக்கா. அவளை யாரும் கூப்பிடவில்லை.

படகு எங்களுடையதல்ல. அனுமதிக்கு மேல் அரிசி ஏற்றியதாகப் போன மழைக்காலத்தில் யாரிடமோ பறித்தது. யாரிடம் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் ஆற்றுப்படைக்கு ஒரு வியாபாரப் படகு தேவைப்பட்டது. இது துறையில் சும்மா கிடந்தது.

வேலை எளிது என்றார் லெப்டினன்ட். கான் தோவுக்குத் தெற்கே, கால்வாய்கள் கூடும் ஆற்றுச் சந்தையில் நங்கூரம் போட வேண்டும். கெரில்லாக்களின் வரி வசூல்காரன் வியாபாரப் படகுகளைத் தேடித் தோணியில் வருவான். எங்களிடமும் வருவான். உயிரோடு பிடிக்க வேண்டும். பிடித்தால் அவருக்கு சைகோனுக்கு மாற்றல். எங்களுக்கு என்ன என்று தாக் கேட்டான். "பூசணிக்காய்" என்றார்.

அந்தச் சந்தையில் கூவி விற்க முடியாது, எஞ்சின் சத்தம் விழுங்கிவிடும். மூங்கில் கம்பம் நட்டு விற்கிற பொருளை அதில் கட்டிவிடுவார்கள். நாங்களும் நட்டோம், இரண்டு பூசணிக்காயைக் கட்டினோம். அதே கம்பத்தில்தான் வயர்லெஸ் கம்பி மேலே போனது. அதை மறைக்க நுனியில் ஒரு கீற்றைக் கட்டினான் லியெம். நான்தான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். லெப்டினன்ட் பார்த்துத் தலையாட்டினார். நாங்கள் நால்வரும் இந்தக் கால்வாய்களில் பிறந்தவர்கள். ஆனால் போர்ப்படகின் மேல் கீற்றுக் கட்டிக் கட்டி, கீற்று என்றால் மறைப்பு என்பதைத் தவிர எங்களுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் வாத்துக்காரர் ஒருவர் தோணியை ஒட்டி நிறுத்தினார்.

"என்ன விலை, தம்பி?"

"பூசணியா? எத்தனை வேணும் பெரியவரே?" என்றார் லெப்டினன்ட்.

"பூசணிய நீயே தின்னு. படகு என்ன விலை?"

"படகு விக்கிறதுக்கில்ல."

"அப்ப மேல தொங்குறது என்ன, உன் கோவணமா?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். கம்பத்தில் கீற்று கட்டினால் படகே விற்பனைக்கு. பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். பூசணிக் குவியல் குலுங்கியது. உள்ளே தாக் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு காய் உருண்டு ஆற்றில் விழுந்தது.

"கழட்டிடலாமா சார்?" என்றான் லியெம்.

"கழட்டினா கம்பி தெரியும். அப்படியே இருக்கட்டும். யாரும் வாங்க முடியாத விலை சொல்லுங்க, போயிடுவாங்க."

போகவில்லை. அந்த விலைக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. ஒருவன் பலகையைத் தட்டிப் பார்த்தான். ஒருவன் எஞ்சினைப் போடச் சொன்னான், போட்டேன், இருமுகிறது என்றான். இன்னொருவன் அடிமரம் பார்க்க வேண்டுமென்று பூசணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தான். "தொடாத, அழுகிடும்" என்று லெப்டினன்ட் கத்தினார். "உன் பூட்ஸு நல்லாருக்கே, அதுவும் சேர்த்தா?" என்றான் அவன்.

அப்போதுதான் லுவா அக்கா வந்தாள். வாடகைத் தோணியில் காப்பி விற்கிறவள். அவள் முதலில் கம்பத்தைப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்ப் படகுகளுக்கெல்லாம் போல முகப்பில் தீட்டியிருந்த கண்களைப் பார்த்தாள். வலது கண் தண்ணீரைப் பார்த்தது. இடது கண் வானத்தைப் பார்த்தது.

"என் புருஷன் குடிச்சிட்டு வரைஞ்ச கண்ணு இது," என்று எங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "என் படக விக்க நீ யாருடா?"

"அக்கா, மெதுவா பேசுங்க..."

"எதுக்கு மெதுவா? அஞ்சு மாசமா ஆபீஸ் ஆபீஸா அலையறேன். என் வீடே இதுதான். நீ இங்க கீத்து கட்டி வச்சிருக்க!"

லெப்டினன்ட் குனிந்து அவள் காதருகே சொன்னார்: "அக்கா, நாங்க அரசாங்கம்."

"அரசாங்கமா!" என்றாள். கால்வாய் முழுக்கக் கேட்டது.

அடிமரம் பார்த்தவன் கையிலிருந்த பூசணியை அப்படியே வைத்துவிட்டு இறங்கினான். தோணிகள் ஒவ்வொன்றாக நழுவின. வளைவில் தோளில் வசூல் பையோடு ஒருவன் வந்துகொண்டிருந்தான். அவசரப்படாமல் தோணியைத் திருப்பிக்கொண்டு போனான். தாக் துப்பாக்கியோடு எழுந்து நின்றபோது எதிரே பெண்களும் வாத்துகளும்தான் இருந்தார்கள். சுட முடியாது.

லெப்டினன்ட் கம்பத்தை உதைத்தார். கீற்று விழவில்லை.

"வெறுங்கையோட போக முடியாது. இவதான் அவனுக்கு எச்சரிக்கை குடுத்திருக்கா. ஏத்து."

"எச்சரிக்கை குடுத்தது நம்ம கம்பம் சார்," என்றான் தாக்.

"ஏத்துடா!"

"எங்க ஏறணும்? இந்தப் படகுலயா?" என்றாள் லுவா அக்கா. "அதைத்தானே கேட்டுட்டிருக்கேன்." காப்பித் தோணியைப் பின்னால் கட்டிவிட்டு அவளே ஏறினாள். எஞ்சினைப் பார்த்தாள். "என்ன எண்ணெய் ஊத்துற, மீன் கொழுப்பா?"

லெப்டினன்ட் வயர்லெஸ்ஸில் பேசப் போனார். கெரில்லாக்களுக்கு உதவியவள் என்று எழுதிவிட்டால், தெட் புத்தாண்டுக்குள் அவள் வெளியே வர முடியாது. நான் அவளிடம் சொன்னேன்: "அக்கா, உங்க தோணிக்குப் போயிடுங்க. நான் எஞ்சினப் பாக்கற மாதிரி திரும்பிக்கறேன்."

"போனா படகு?"

நான் எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உள்ள போடுவாங்களா?"

"போடுவாங்க அக்கா."

"என் புருஷனும் உங்க பட்டாளத்துலதான் இருக்கான். படகு எங்கன்னு அவன்கிட்ட சொல்ல ஆளு வேணும். இறங்கிட்டா நான் யாரோ. படகோட போனா, எங்க கட்டுறாங்கன்னாவது தெரியும். போ, உன் வேலையப் பாரு."

அடுப்பு இருந்த அறைக்குள் போனாள். லியெம் கருக்கிய சட்டியைக் கையில் எடுத்து முகர்ந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"கதவச் சாத்துடா!" என்று லெப்டினன்ட் முன்னாலிருந்து கத்தினார்.

சாத்தினேன். பொருந்தவில்லை. தோளால் இடித்தேன். கொண்டி வளையத்துக்கு ஒரு விரல் கீழே நின்றது. மறுபடி இடித்தேன்.

"உடைச்சிடாத தம்பி," என்றாள் உள்ளிருந்து. "கீழ தொங்கும். தூக்கிட்டுத் தள்ளு."

தூக்கித் தள்ளினேன். சரியாக விழுந்தது. பூட்டினேன்.