இருபது மில்லி

தேர்வு தொடங்கிக் கால் மணி நேரத்தில் பிரத்யுஷா மேடம் வேதிப்பொருள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். நான் பிப்பெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குக் குளுகுளுவென்றிருந்தது. மறைப்பானேன்? அந்த முகத்தைப் பார்க்கத்தான் இரண்டு நாளாகக் காத்திருந்தேன்.

“பிரான்சிஸ், ஆசிட்ல என்ன பண்ணித் தொலைச்சீங்க? எல்லா டேபிள்லயும் பத்து மில்லியிலயே கலர் போயிருதுங்க.”

“நீங்க சொன்னதத்தானுங்க மேடம் போட்டேன். சல்ஃப்யூரிக், பாயிண்ட் ஒன் மோலார்.”

“சீட்டுல இருபதுன்னுதானே குடுத்திருக்கு?”

“அதும் நீங்க சொன்னதுதானுங்க.”

சோமனூருக்கு வெளியே இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் நான் பன்னிரண்டு வருடமாக ஆய்வக உதவியாளர். பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. அப்பா தோட்டக் கூலி. மேடம் போன ஜூனில்தான் துறைத் தலைவராக வந்தார். என்னைவிட ஒன்பது வயது இளையவர். வந்த அன்று எந்த ஊர் என்று கேட்டார், ஊரில் எந்தப் பக்கம் வீடு என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டவர், அதற்கப்புறம் என்னைப் பற்றி எதையும் கேட்டதில்லை.

எங்கள் கல்லூரியில் முதலாண்டு செய்முறைத் தேர்வுக்கு ஒரு வழக்கம் உண்டு. வரவேண்டிய அளவு முந்தின நாளே பிள்ளைகளுக்குப் போய்விடும். துறைத் தலைவர் வாயால் சொல்வார், நான் எழுதுவேன், வகுப்புக்கு ஒரு சீட்டு. தேர்வில் பிள்ளைகள் காரத்தைக் குடுவையில் எடுத்து, பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, அது ரோஸ் நிறமானதும் பியூரெட்டிலிருந்து அமிலத்தைத் திறந்துவிடுவார்கள். நிறம் எங்கே போகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. சீட்டில் இருபது என்றிருந்தால் இருபதில் மூடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் பத்தொன்பது புள்ளி ஒன்பது என்று எழுதி வைப்பார்கள், நிஜமாகச் செய்த மாதிரி இருக்கட்டும் என்று.

வருடா வருடம் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். இந்த வருடம் அது தீர்ந்துபோய், புதுப் பாட்டில் வந்து சேரவில்லை. “சல்ஃப்யூரிக் இருக்குதில்லைங்க, அதே ஸ்ட்ரென்த்ல போட்டுருங்க. வேல்யூ போன வருசத்துதே இருக்கட்டும்” என்றார் மேடம், போனைப் பார்த்துக்கொண்டே. ஹைட்ரோகுளோரிக்கில் ஒரு மூலக்கூறு, காரத்தில் ஒன்றோடு முடிந்துவிடும். சல்ஃப்யூரிக்கில் ஒன்றுக்குக் காரத்தில் இரண்டு வேண்டும். அப்படியானால் அதே காரத்துக்குச் சல்ஃப்யூரிக் பாதி போதும். இருபது மில்லி போன இடத்தில் பத்தே மில்லி. பதினோராம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இது. மேடத்துக்குத் தெரியாமல் இல்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஏனென்றால் பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் அவர் பலகையில் எழுதிய சமன்பாட்டில் ஒரு எண் விட்டுப்போயிருந்தது. “மேடம், அங்க ஒரு மூணு வருமுங்க” என்று பின்னாலிருந்து மெதுவாகத்தான் சொன்னேன். அறுபது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் சாக்பீஸை வைத்துவிட்டுச் சிரித்தார். “பிரான்சிஸ், உங்களுக்குப் பாட்டில் கழுவற வேலைங்க. அத மட்டும் பாருங்க.” எங்கள் பக்கம் செருப்பால் அடித்தாலும் கூட ஒரு ‘ங்க’ போட்டுத்தான் அடிப்பார்கள். பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்று சாயந்தரம் கழுவின பாட்டில்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆகவே சீட்டில் இருபது என்று நானே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அன்றைக்கு இன்னும் நன்றாக எழுதினேன்.

“எக்ஸ்டர்னல் சார் ஆபீஸ்ல டீ குடிச்சிட்டிருக்காரு. கேன்ல இருக்கிற ஆசிட்ல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்துங்க, சீக்கிரம்” என்றார் மேடம்.

“எல்லார் பியூரெட்லயும் ரொப்பியாச்சுங்க.”

அவர் என்னையே பார்த்தார். “உங்களுக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சே கம்முனு இருந்திருக்கீங்க.”

“பாட்டில் மட்டும் கழுவச் சொன்னீங்களுங்க மேடம்.”

அவர் விருட்டெனத் திரும்பினார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நான் பிப்பெட்டை ஒரு தரம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பளிச்சென்றிருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். காலையில் எட்டு மணிக்கே ரித்திகா வந்திருந்தாள். அந்தியூர்ப் பக்கத்துப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள், சிரித்தவர்களில் சேராதவள். “அண்ணா, சீட்டுல சல்ஃப்யூரிக், இருபதுன்னு இருக்குதுங்க. நான் கணக்குப் போட்டுப் பாத்தனுங்க. சல்ஃப்யூரிக்னா பத்துதானுங்களே வரோணும்?” என்றாள். வகுப்புச் சீட்டு செருகியிருந்த நோட்டை நீட்டினாள். சோடியம் ஹைட்ராக்சைடுக்கு முன்னால் இரண்டு என்று போட்டு வட்டம் கட்டியிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேராக மேடத்திடம் போயிருப்பாள். ஒன்பது மணிக்குள் சீட்டு மாறியிருக்கும்.

“சீட்டுல இருக்கறத எழுது கண்ணு. போட்டு மனசக் கொழப்பிக்காத” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, வட்டத்தை அடித்துவிட்டுப் போனாள்.

வெளித்தேர்வாளர் பாலுசாமி ஈரோட்டுக் கல்லூரியிலிருந்து வந்தவர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். வழக்கமாக வருகிறவர்கள் டீக்குப் பிறகு கையெழுத்துப் போடுவதோடு சரி. இவர் மேசை மேசையாக நடந்தார். ரித்திகாவின் பின்னால் போய் நின்றார். அவள் கவனிக்கவில்லை. பத்தில் நிறம் போயிற்று. அவள் கை குழாய்க்குப் போய், தயங்கி, விலகிவிட்டது. தண்ணீர் மாதிரி இருந்த குடுவைக்குள் அமிலம் இருபது வரை சொட்டிக்கொண்டே இருந்தது.

“ஏம்மா, கலர் போயி எத்தன நேரமாச்சு? இன்னும் எதுக்கு ஊத்தற?”

அவள் குழாயை மூடினாள். அவர் அவளுடைய தாளைப் பார்த்தார். அடுத்த மேசையின் தாளை எடுத்தார். அதற்கடுத்தது. இருபது, இருபது, பத்தொன்பது புள்ளி ஒன்பது, இருபது.

“இந்த ஆசிட்டுக்கு பத்துதான் வரும், சரியாத்தான் கலந்திருக்காங்க. அப்புறம் இந்த இருபது எங்கிருந்து வந்துச்சுங்க மேடம்?”

மேடம் பதறவேயில்லை. அதற்குள் யோசித்து முடித்துவிட்டிருந்தார். “தெரியலைங்களே சார். நான் எந்த வேல்யூவும் குடுக்கலைங்க. லேப் அசிஸ்டெண்ட் ஏதோ சீட்டு குடுப்பாருன்னு பசங்க பேசிக்குவாங்க. உண்மைன்னா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறனுங்க.”

பாலுசாமி என்னைப் பார்த்தார். மேடம் சொல்லித்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தப்பென்று தெரிந்துமா எழுதினாய் என்று அடுத்த கேள்வி வருமே. பன்னிரண்டு வருட வேலை போய்விடும். கழுவின பிப்பெட் கையிலேயே இருந்தது.

“நீ சொல்லும்மா. பயப்படாத, நெசத்தச் சொல்லு” என்றார் அவர் ரித்திகாவிடம். “பத்துலயே கலர் போறது உன் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அப்புறமும் இருபதுன்னு எழுதச் சொன்னது யாரு?”

அவள் மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. காலையில் நோட்டை நீட்டியபோது பார்த்த அதே பார்வை. பிறகு தலையைக் குனிந்து பேனா டப்பாவைத் திறந்தாள். பேனாவுக்கும் ரப்பருக்கும் நடுவில், நான்காக மடித்த என் சீட்டு இருந்தது. அதை எடுத்துக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.