குறட்டைச் சுவர்

காலை எட்டரை மணிக்கு மலையடிவாரப் பேருந்து நிறுத்தத்தில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அதற்கு மேல் ஒருவரைக்கூட இந்த நடைப் பயணத்தில் சேர்ப்பதில்லை. மேலே ஏறும் படிக்கட்டுகளின் அகலம் அப்படி. வழிகாட்டிப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கலகலவென்று பேசினாள். ஆளுக்கொரு மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு, "மூச்சு வாங்கினா சொல்லுங்க, நிப்போம். வெட்கப்பட்டுக்கிட்டு மயங்கி விழுந்துடாதீங்க, தூக்க ஆள் இல்லை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

முப்பத்து மூன்று வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் டீச்சர். வயது அறுபத்தொன்று. பிறந்தது இந்த மலை ஊரில்தான். பதினோரு வயதில் இறங்கிப் போன பிறகு ஐம்பது வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இப்போதும் ஊர் பார்க்க வரவில்லை. ஒரு கதையைக் காதால் கேட்க வந்திருந்தார்.

போன மாதம் தம்பி மகள் கல்லூரித் தோழிகளோடு இந்த நடைக்கு வந்து போனாள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். உயரமான ஒரு சுவருக்கு முன்னால் எட்டுப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, கொர்ர் கொர்ரென்று குறட்டை விடுகிறார்கள். "குறட்டைச் சுவர் அத்தை. முன்னாடி இங்க ஒரு மேஸ்திரி இருந்தானாம். சுவர் இடிஞ்சு விழுறப்போ வீட்டுல நல்லாத் தூங்கிட்டு இருந்தானாம். நாலு பேர் போயிட்டாங்களாம்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்த மேஸ்திரி அவளுடைய தாத்தா என்பது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லி வளர்க்கவில்லை. டீச்சர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"கேட்டுட்டு வந்துடுவோம்க்கா. வாயைத் திறக்காதே" என்று பேருந்தில் வரும்போதே தம்பி நாலு தடவை சொல்லிவிட்டான். லாரி உதிரிபாகம் விற்கிறவன். யாரிடமும் முகம் கோணாமல் பேசியே பழகியவன். அது நடந்தபோது அவனுக்கு நாலு வயது. அவனுக்கு நினைவில் இருப்பது, அப்பா பகலில் படுக்கவே மாட்டார் என்பது மட்டும்தான்.

ஏற ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு மேல் வீடாக அடுக்கிய ஊர். ஒரு வீட்டுக் கூரை இன்னொரு வீட்டு வாசலுக்கு நேராக இருந்தது. வழிகாட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு கதை சொன்னாள். கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக இருந்த ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் எல்லாவற்றையும் படம் எடுத்தார். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டது. கதைகள் நன்றாகவே இருந்தன. அதுதான் டீச்சருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்தப் பெண் கெட்டவளாக, மண்டுவாக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவள் வயதான ஆள் வந்தால் ஒதுங்கி வழி விட்டாள். கைப்பிடி ஆடுகிற இடத்தில் டீச்சரின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

பத்து மணிக்குச் சுவருக்கு வந்தார்கள்.

மலைச்சரிவு சரிந்துவிடாமல் தாங்கி நிற்கும் சுவர். மூன்று ஆள் உயரம். ஐம்பது அறுபது அடி நீளம். அதன் காலடியில் படிக்கட்டு. படிக்கட்டின் மறுபுறம் வரிசையாக நாலைந்து கடைகள். பழைய சுவர் கல்லில் இருந்தது. இது கான்கிரீட். ஆனால் அதே வளைவு, அதே ஈரவாடை.

வழிகாட்டி குரலைத் தாழ்த்தினாள். "ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த இடத்துல வேற சுவர் இருந்துச்சு. அதைப் பார்த்துக்க நகராட்சியில ஒரு மேஸ்திரி. சம்பளம் வாங்குறது சுவரைப் பார்க்க. அவர் பார்த்ததெல்லாம் தலையணையை." வங்கி மேலாளர் சிரித்தார். "ஒரு வாரமா அடைமழை. சுவர் உப்பி நிக்குது. மத்தியானம் மூணு மணி. ஊரே பதறுது. மேஸ்திரி எங்கே? வீட்டுல. எப்படி?" கையைக் காதருகே குவித்தாள். "எங்க, எல்லாரும் ஒரு தடவை குறட்டை விடுங்க பார்ப்போம்."

விட்டார்கள். புது மாப்பிள்ளை விட்ட குறட்டைக்கு அவன் மனைவி தோளில் ஒரு அடி போட்டாள். தம்பி குனிந்து செருப்பு வாரைச் சரி செய்வது மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

டீச்சர் வகுப்பில் சத்தம் அடங்கக் காத்திருக்கிற மாதிரிக் காத்திருந்தார். பிறகு கேட்டார்: "யார் சொன்னது இதை?"

"எதை அம்மா?"

"தூங்கினார்னு."

"ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைம்மா."

"கதை தெரியும். யார் சொன்னது?"

வழிகாட்டியின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் அல்ல என்பதைக் காட்ட வேண்டியிருந்தது அவளுக்கு. "விசாரணை அறிக்கை இருக்கும்மா. நகராட்சி நூலகத்துல நானே உட்கார்ந்து படிச்சேன். தேடிப் போன ஆளுகிட்ட வீட்டு வாசல்ல வெச்சு அவர் பொண்ணே சொல்லியிருக்கு. 'அப்பா தூங்குறாரு, எழுப்பக் கூடாது'ன்னு."

"அந்தப் பொண்ணு நான்தான்" என்றார் டீச்சர்.

தம்பி நிமிரவில்லை. வங்கி மேலாளரின் கையில் இருந்த போன் மெல்ல இறங்கியது.

"சொன்னேன். நிஜம்தான் சொன்னேன். அதுக்கு முன்னாடி அவர் எத்தனை நாள் தூங்கலைன்னு என்னை எவனும் கேக்கலை. கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன். ரெண்டு ராத்திரி, மூணு பகல். மழைக்கோட்டுக்குள்ள தண்ணி போய் உடம்பெல்லாம் ஊறிப் போய் வந்தார். அம்மா ஒரு மணி நேரம் படுங்கன்னு கெஞ்சிப் படுக்க வெச்சா. எழுப்பக் கூடாதுன்னு என்னை வாசல்ல உட்கார வெச்சதும் அவதான். வந்த ஆள் சுவர் விழுந்த பிறகு வந்தான். முன்னாடி இல்லை. உங்க அறிக்கையில அது இருக்கா?"

"அது… நேரம் போடலைம்மா."

"போடலை. ஆனா நீ போட்டுக்கிட்ட."

பேசிக்கொண்டே டீச்சரின் கண் சுவர் மேல் போனது. பள்ளிக்கூடப் பழக்கம். வரிசையாக எதைக் கண்டாலும் எண்ணிவிடுவார். சுவரில் கை எட்டும் உயரத்தில், அடிக்கு ஒன்றாக, விரல் நுழைகிற அளவில் ஓட்டைகள். மலைக்குள் ஊறும் மழைத் தண்ணீர் வெளியே வடிவதற்கு விட்டவை. வடியாவிட்டால் தண்ணீர் மண்ணை உப்பவைத்துச் சுவரைத் தள்ளும். அப்பா வேலையே இதுதான். இரும்புக் கம்பியோடு போய் ஓட்டைகளைக் குத்தித் திறந்து வைப்பது. பழைய சுவரில் நூற்றுப் பதினான்கு. வீட்டில் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி அவர் சொல்லிச் சொல்லி மகளுக்கு மனப்பாடம்.

முடிவெட்டும் கடைக்கு எதிரே இருந்த ஓட்டைகளில் ஒன்றிலும் தண்ணீர் வடியவில்லை. போன வாரம் முழுக்க மழை. மற்ற இடத்தில் எல்லாம் சுவர் அழுதுகொண்டிருந்தது. இந்தப் பதினோரு ஓட்டை மட்டும் காய்ந்து கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். உள்ளே துணி. துணிக்கு மேல் சிமெண்ட் பூச்சு. ஒன்றில் சிமெண்ட் இல்லை. பிளாஸ்டிக் பையைச் சுருட்டிச் செருகியிருந்தது.

அப்போதுதான் கோபம் தலைக்கு ஏறியது. அதுவரை இருந்தது வலி. தன் கைக்குடையின் முனையை அந்த ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தார். பை பிய்ந்து வந்தது. உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் பழுப்பு நிறத்தில் பீறிட்டு புதுப்பெண்ணின் பாவாடையிலும் படியிலும் அடித்தது.

கடைக்குள் இருந்து ஒரு கிழவர் ஓடி வந்தார். எழுபத்தைந்துக்குக் குறையாது. கையில் சீப்பு.

"ஏம்மா, அறிவிருக்கா உனக்கு? படியெல்லாம் நாறிப் போகும். பாசி பிடிச்சு வர்ற ஆள் வழுக்கி விழறான். நாலு வருஷமா நல்லா இருந்துச்சு."

"நீங்க அடைச்சதா?"

"நான்தான் அடைச்சேன். வேற யாரு வந்து அடைப்பா, நகராட்சியா?"

டீச்சர் இரண்டாவது ஓட்டையில் குடையை வைத்தார். குடைக்கம்பி வளைந்தது. சிமெண்ட் விடவில்லை.

"இந்த எழவைத்தானே உங்கப்பனும் செஞ்சான்" என்றார் கிழவர். உள்ளே இருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "சொல்லச் சொல்லக் கேக்காம வந்து வந்து குத்துவான். அவன் காலைல குத்துவான். நாங்க சாயங்காலம் அடைப்போம். என் தம்பிதான் சிமெண்ட் குழைப்பான். கெட்டிக்காரன்."

"அப்பன் இல்லை. உங்கப்பான்னு சொல்லுங்க" என்றார் டீச்சர்.

கிழவர் வாயைத் திறந்தார். எதிரே எட்டுப் பேரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பதும்.

"விசாரணையில இதைச் சொன்னீங்களா?"

கிழவர் கடைப் பக்கம் திரும்பினார்.

"குழைச்ச தம்பி இப்ப எங்க?"

சீப்பைத் துண்டில் துடைத்தார். திருப்பித் துடைத்தார். "சுவருக்கு அடியில இருந்து எடுத்த நாலு பேர்ல ஒருத்தன் அவன். என்னம்மா பண்ணச் சொல்ற? எங்கம்மா கேட்டா. யாரால போனான்னு தினம் கேட்டா. அவனால அவனே போனான்னா சொல்ல முடியும்? யாரையாவது கை காட்டணும்ல."

திறந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் இப்போது அடங்கி, ஒரே சீராக வடிந்துகொண்டிருந்தது. கிழவர் மேல் இரக்கம் வரும் என்று டீச்சர் எதிர்பார்த்தார். வர வேண்டிய இடம் அதுதான். வரவில்லை.

"தம்பியைக் கொடுத்துட்டு மறுபடியும் அடைச்சு வெச்சிருக்கீங்களே."

"அது கல்லுச் சுவரு. இது கான்கிரீட்டும்மா" என்றார் கிழவர், ஏதோ குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. உண்மையாகவே நம்பினார்.

வங்கி மேலாளர் தொண்டையைச் செருமினார். "மலை உச்சியில பார்க்க வேண்டிய கோபுரத்தைப் பன்னெண்டு மணிக்குச் சாத்திடுவாங்கன்னு சொன்னீங்க." வழிகாட்டி எல்லோரையும் திரட்டிக்கொண்டு நடந்தாள். நாலு படி ஏறித் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் நகரவில்லை.

"நீ அடுத்து எப்ப வருவே இந்த இடத்துக்கு?"

"ரெண்டாவது குரூப்பும்மா. மூணரை ஆகும்."

டீச்சர் கழுத்திலிருந்த மஞ்சள் அட்டையைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரப் படியில் உட்கார்ந்தார். "அக்கா, ரெண்டு மணி பஸ்ஸை விட்டா ஆறு மணிக்குத்தான்" என்றான் அவன். "நீ போ" என்றார். அவன் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்கிருந்தோ ஒரு இரும்புக் கம்பி வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் மூன்றாவது ஓட்டையைக் குத்த ஆரம்பித்தான். முடிவெட்டும் கடையின் ஷட்டர் பாதி இறங்கியது.

மூன்று நாற்பதுக்கு வழிகாட்டி ஏழு பேரோடு வந்தாள். படியில் டீச்சர் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவள் நடை ஒரு கணம் தடுமாறியது. சுவருக்கு முன் நின்றாள். காலையில் குரலைத் தாழ்த்தியது போல இப்போது தாழ்த்தவில்லை.

"ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி இங்க வேற சுவர் இருந்துச்சு. தண்ணி வடிய அதுல ஓட்டைங்க. படி ஈரமாகுதுன்னு இங்க இருந்தவங்க அதை அடைச்சாங்க. மேஸ்திரி ஒருத்தர் தினமும் வந்து திறந்தார். அடைமழையில மூணு நாள் தூங்காம திறந்தார். களைச்சுப் போய்ப் படுத்த ஒரு மணி நேரத்துல சுவர் விழுந்துச்சு. நாலு பேர் செத்தாங்க. பழி அவர் மேல விழுந்துச்சு."

நிறுத்தினாள். ஏழு பேரும் இன்னும் ஏதோ வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குறட்டை எப்போ?" என்று கேட்டான் ஒருவன். "நாங்க வீடியோ பார்த்துட்டுத்தான் வந்தோம்."

"அது இல்லை. தப்பா சொல்லிட்டு இருந்தேன்."

"அட, அதுக்காகத்தானே வந்தோம்" என்று அவன் கண்ணை மூடி ஒரு குறட்டை விட்டான். பக்கத்தில் நின்ற இருவர் சிரித்துவிட்டுத் தாங்களும் விட்டார்கள். வழிகாட்டி டீச்சரைப் பார்த்தாள். கையாலாகாத பார்வை.

டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குறட்டை விட்டவன் முன்னால் போய் நின்றார். அவன் கண்ணைத் திறக்கும்வரை நின்றார். திறந்த பிறகும் நின்றார். அவன் சிரிப்பு மெல்லக் கழன்று விழுந்தது. அவன்தான் ஒதுங்கிப் போனான்.

பிறகு வழிகாட்டிப் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு முதல் குரூப் எட்டரைக்குத்தானே?"

"ஆமாம்மா."

"தம்பி, இங்க தங்க ஒரு ரூம் பாரு" என்றார் டீச்சர்.