கூட வந்தவர் யார்?

1

இந்தக் கதை ஓர் ஆய்வுக் குறிப்பைப் படித்தபோது வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் வந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவது பல இடங்களில் ஆண்களுக்கே சற்று அதிகம் என்று அதில் போட்டிருந்தது. இருக்கலாம். பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தவர்களை எண்ணியிருப்பார்கள். வெளியே கைப்பையும் தண்ணீர் பாட்டிலுமாகக் காத்திருந்தவர்களை யார் எண்ணினார்கள் என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

(ஆய்வாளர்கள் என் மேல் பாய வேண்டாம். ஹார்மோன், ரத்த அழுத்தம் என்று அவர்களிடம் வேறு காரணங்களும் இருக்கும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பெண்தான்.)

2

அவள் உலகம் மெல்ல மெல்ல இருண்டு—

வேண்டாம். கண் போகும் கதையென்றால் எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அவள் சலவைக் கடையில் கறை பார்ப்பவள். துவைத்து வந்த துணியை மேசையில் விரித்து, கறை மிச்சமிருந்தால் திருப்பி அனுப்புவது வேலை. ஒரு நாள் ஒரு வெள்ளைச் சட்டையில் கரும்புள்ளி தெரிந்தது. திருப்பி அனுப்பினாள். அடுத்த சட்டையிலும் அதே புள்ளி. அதற்கடுத்த தலையணை உறையிலும்.

"என்னம்மா, வெளுத்த துணியையே மறுபடி மறுபடி அனுப்புற? எங்க இருக்கு கறை?" என்று முதலாளி வந்து நின்றார்.

"இதோ இருக்குங்க" என்று தொட்டுக் காட்டப் போனாள். விரல் போகப் போகப் புள்ளி நகர்ந்தது. கறை துணியில் இல்லை. அவள் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

3

இனி கணவர். அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். குடிக்க வைத்தேன், கை நீட்ட வை— ஒட்டவில்லை. அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். தன் மாத்திரையோடு மனைவியின் மாத்திரையையும் மறக்காமல் எடுத்து வைப்பவர். இரண்டு பேருக்கும் சர்க்கரை.

(அவளை அவள் என்றும் அவரை அவர் என்றும் எழுதுகிறேன், கவனித்தீர்களா? நானும் அந்த வீட்டு ஆள் மாதிரிதான்.)

வருஷா வருஷம் கண்ணைக் காட்டச் சேர்ந்தேதான் போவார்கள். அங்கேதான் கோளாறு. கண்பாவையை விரிக்க விடும் சொட்டு மருந்து, பார்வையைச் சில மணி நேரம் மங்கலாக்கிவிடும். கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும்.

"உங்களுக்கும் சர்க்கரை இருக்கே, அப்படியே பாத்துட்டுப் போயிடலாமே" என்று நர்ஸ் கேட்பார்.

"ரெண்டு பேரும் சொட்டு விட்டுக்கிட்டா வீட்டுக்கு யாரை யாரு கூட்டிட்டுப் போறது?" என்று அவள் சிரிப்பாள்.

"இவளுக்கு அடுத்த தடவை பாத்துக்கலாம் சிஸ்டர். என் கண்ண நம்பித்தான் பொழப்பே ஓடுது. அதுவும் இது ஆம்பளைங்களுக்குத்தான் அதிகமா வருதாம், பேப்பர்ல போட்டிருந்தான்" என்பார் அவர்.

அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவர் மேல் இன்னும் ஆத்திரம். அவள் பிழைப்பும் கண்ணை நம்பித்தான் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. அவருக்குக் கோளாறு தொடங்கியபோதே பிடித்துவிட்டார்கள். லேசர் வைத்தார்கள், இன்றும் வண்டி ஓட்டுகிறார். அடுத்த தடவை வருஷா வருஷம் வந்தது, அவருக்கு.

4

முடிவுகள்.

ஒன்று: "இத்தனை வருஷமா உங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேனே, ஒரு தடவ நீங்க—" என்று அவள் கேட்கிறாள். கேட்கமாட்டாள். கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

இன்னொன்று: அவர் அழுகிறார். அழட்டும். அதனால் யாருக்கும் பார்வை வராது.

இரண்டு கண்ணும் பிழைத்துவிடுவதாக எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் டாக்டர் முந்திக்கொண்டார்.

"வலது கண்ணுல இனிமே பெருசா ஒண்ணும் பண்ண முடியாதும்மா. இடது கண்ணையாவது விட்டுடக் கூடாது. நாளைக்கே லேசர் ஆரம்பிச்சாகணும்."

5

மறுநாள், அதே கூடம், அதே பெஞ்சு. இன்று கைப்பை அவர் மடியில் இருக்கட்டும் என்று எழுதினேன். "குடுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

நர்ஸ் வேலைக்குப் புதிது. மருந்துப் புட்டியோடு இருவர் முன்னாலும் வந்து நின்றாள்.

"கூட வந்தவங்க யாரு?"

அவள் கையைத் தூக்கினாள்.

பக்கத்தில் அவர், யாரும் சொல்லாமலே, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை அகல விரித்துக்கொண்டார்.

அந்தக் கையை இறக்க எனக்குத் தெரிந்த வாக்கியத்தையெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டேன். இறங்கவில்லை. நர்ஸ் அவர் பக்கம் குனிகிறாள். இடது கண்ணில் இன்னும் பார்வை இருக்கிறது. நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள்.